ரப்பர்தான் முதலில் போகும்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, பேரன் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

போன வாரம் தொலைபேசியில் "அந்தக் காரை விற்றுவிடுங்கள் அப்பா" என்று நீ சொன்னதும் ஒன்றும் பேசாமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். இல்லை. தொலைபேசியில் சொல்லி முடிகிற பதில் அல்ல அது.

மாப்பிள்ளை போட்ட கணக்கு சரிதான். போன ஆண்டு மட்டும் அதற்கு 4,300 வெள்ளி (ரிங்கிட்) செலவழித்திருக்கிறேன். பழைய பென்ஸ் என்றால் விலை ஏறிக்கொண்டே போகும் என்று சிலர் சொல்வார்கள்; அவர்கள் பட்டறை ரசீதுகளைக் கூட்டிப் பார்க்காதவர்கள். நீ இருக்கிற சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான பத்து ஆண்டு உரிமைச் சான்றிதழ் முடிந்ததும் மறுபடி பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் காரைக் கைகழுவ வேண்டும். அங்கே இருந்துகொண்டு நாற்பது வயதுக் காரை நினைத்தால் பைத்தியக்காரத்தனமாகத்தான் தோன்றும்.

1998இல் ரிங்கிட் விழுந்து கிடந்த நேரத்தில் ஈப்போவில் ஒரு வக்கீல் அதை விற்றார். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பதினாலாயிரம் வெள்ளி கொடுத்து 1983ஆம் ஆண்டு பென்ஸ் 200 ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நிறுத்தியபோது, "பால்மரம் வெட்டினவள் மகன் துரை காரில் வருகிறான்" என்று, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களம் வரைக்கும் சிரிப்பு கேட்டது. எனக்கும் சிரிப்புதான். 1,997 சிசி என்பதால்தான் வாங்கவே துணிந்தேன். சாலை வரி 380 வெள்ளிக்குள் அடங்கிவிடும். அதே உடம்பில் பெரிய எஞ்சினோடு வந்த 280ஐ வாங்கியிருந்தால் ஆண்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி வரியே போயிருக்கும்.

உன் அப்பாயி, என் அம்மா, அன்று காரைச் சுற்றி வந்தாள். பெயின்டைப் பார்க்கவில்லை, இருக்கையைப் பார்க்கவில்லை. கதவு ஓரத்து ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தி முகர்ந்து பார்த்து, "நல்ல பால்" என்றாள். மழையும் வெயிலும் படுகிற இடத்துக்குப் பெரும்பாலும் செயற்கை ரப்பரைத்தான் போடுவார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவளிடம் அதைச் சொல்லவில்லை. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மர நிரைக்குப் போனவளிடம் போய் ரப்பர் பாடம் நடத்த முடியுமா?

இந்த வகைக் கார் 1976 தொடக்கத்தில் வெளிவந்தது. 27 இலட்சம் செய்திருக்கிறார்கள். இரும்பு அவ்வளவு எளிதில் சாகாது. பேட்டரித் தட்டின் அடி, ஜாக்கி வைக்கும் இடம், முன் மட்கார்டு ஆகியவற்றில் துரு பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் உடம்பு நிற்கும். முதலில் போவது ரப்பர். எஞ்சினைத் தாங்கும் குஷன், சஸ்பென்ஷன் புஷ், பிரேக் ஹோஸ், கியர்பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டின் இரண்டு முனைகளிலும் இருக்கிற ரப்பர் வட்டுகள் எல்லாமே சூட்டிலும் காற்றிலும் காய்ந்து வெடிக்கும். குறை காரில் இல்லை, வயது அது. அதிர்வைத் தாங்கும் இடங்களுக்கு இன்றைக்கும் பால்மரத்து ரப்பர்தான் பெரிதும் ஏற்றது. ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். எஞ்சினில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் கசிந்தால் அது வீணாவதற்காக நான் கவலைப்படுவதில்லை, கீழே இருக்கிற குஷனுக்காகத்தான் கவலை.

நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது காரை நகர்த்தும்போதெல்லாம் அடியிலிருந்து 'தொம்' என்று ஒரு சத்தம் வருமே, நினைவிருக்கிறதா? பேய் என்று தம்பியைப் பயமுறுத்தினாய். வெடித்துப்போன அந்த வட்டுதான் அது. அப்போது எனக்குத் தெரியாமல் ஓராண்டு ஓட்டினேன். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை அடியில் படுத்து விரல் விட்டுப் பார்க்கிறேன். மரத்தின் பட்டையைப் பார்ப்பதுபோலத்தான், வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று.

ஒரு பட்டறைக்காரர் எனக்குச் செய்த உபகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். "சூட்டு நாட்டில் இது எதற்கு?" என்று எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார். எஞ்சின் உரிய சூட்டுக்கு வரவே நேரமானது. பெட்ரோலைக் குடித்துத் தள்ளியது. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றியதும் அவர்தான். எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டை அது அரிக்கும். இரண்டையும் சரி செய்ய எனக்கு ஒரு மாதச் சம்பளம் போனது. அதற்குப் பிறகு பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வருவதில்லை, பக்கத்திலேயே நிற்கிறேன். பட்டறைத் தவுக்கேகளுக்கு (முதலாளிகளுக்கு) என்னைப் பிடிக்காது.

நிறுத்தி வைத்தாலும் கெடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கோலகங்சார் வரை போய் வருகிறேன். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பதை அங்கே நட்டார்கள். அதில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. நம் தோட்டத்தில் ஒரு பால்மரம்கூட மிச்சமில்லை, எல்லாம் செம்பனை. அந்த மரத்தடியில் காரை நிறுத்தித் தேநீர் குடிப்பேன். வேறொன்றும் செய்வதில்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பிள்ளை காரைப் பற்றியா கேட்டாள்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

சரி, அதற்கும் பதில் எழுதுகிறேன். வலது கண்ணில் புரை இருக்கிறது. அடுத்த மாதம் அறுவைக்குத் தேதி வாங்கிவிட்டேன். உங்களைக் கவலைப்பட வைக்க வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை. மூன்று மாதமாக இருட்டிய பிறகு நான் ஓட்டுவதில்லை. மழையிலும் ஓட்டுவதில்லை. கண் சரியாகவில்லை என்று டாக்டர் சொன்னால் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிடுவேன். அவனுக்கு இப்போதே அடியில் படுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். முனகுகிறான், ஆனால் செய்கிறான்.

தீபாவளிக்கு வரும்போது பகல் ரயிலில் வா. ஸ்டேஷனுக்கு நானும் தம்பியும் வருகிறோம். கண் ஆறியிருந்தால் நான் ஓட்டுவேன், இல்லாவிட்டால் அவன். பின் இருக்கைக்குப் பெல்ட் பொருத்த ஈப்போவில் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். பேரனின் உயரம் இப்போது எவ்வளவு என்று அளந்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா