ஃபோம் ஷீட் முதலாளிமார்களுக்குக் கலவைப் பிரிவிலிருந்து

மரியாதைக்குரிய முதலாளிமார்களுக்கு வணக்கமுங்க.

போன வெள்ளிக்கிழமை நைட் ஷிஃப்டில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். தூள் எடை போடுகிற பையன் மூச்சு முட்டி, கலவை பிசைகிற நீடர் மெஷின் ஓரமாகவே உட்கார்ந்துவிட்டான். ரிஜிஸ்டரில் 'சளித் தொந்தரவு' என்று எழுதியிருக்கிறது. கத்திரி வெயிலில் சளி!

அந்த இடத்தில் 11 வருசம் நின்றவன் நான். வேலை முடிந்து ஈரோட்டு பஸ்ஸில் ஏறினால், சட்டையைப் பார்த்துவிட்டு "மஞ்ச மண்டியில வேலைங்களா?" என்பார்கள். ஆமாங்க என்று சொல்லிவிடுவேன். ஷீட்டை உப்ப வைக்கிற அசோடைகார்பனமைடு தூள் என்று விளக்கி முடிப்பதற்குள் ஸ்டாப் வந்துவிடும். 25 கிலோ மூட்டையை பிளேடால் கிழித்துச் சாய்த்தால் மஞ்சள் புகையாக எழும்பும். மூக்கில் கட்டிய துண்டு அதற்கு ஒரு தடையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு லேசாக இருக்கும், திங்கள் சாயங்காலம் விசிலடிக்க ஆரம்பிக்கும். ராத்திரி சின்னவள் எழுந்து, "அப்பா, பூனைக்குட்டி கத்துது" என்று கட்டிலுக்கடியில் தேடுகிறாள்.

இந்தத் தூள் இல்லாமல் ஷீட் உப்பாது என்று எங்களுக்கும் தெரியும். ஒரு கிராம் சிதைந்தால் 200 மில்லிக்கு மேல் வாயு, பெரும்பங்கு நைட்ரஜன். சிதைவதற்கு 200 டிகிரி சூடு கேட்கிறதை ஜிங்க் ஆக்சைடு சேர்த்துக் கீழே இறக்குகிற கைப்பக்குவம் எங்களுடையதுதான். தூளை நிறுத்தச் சொல்லவில்லை. தூளாக வாங்காதீர்கள் என்கிறோம். ஈவிஏ பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ தூளைப் பிசைந்து, குருணையாக, மாஸ்டர்பேட்ச் என்று விற்கிறார்கள். விலை கூடத்தான் செய்யும். குருணை பறக்காதுங்க.

ஐரோப்பிய ஒன்றியம் 2012 டிசம்பரிலேயே இந்தத் தூளை மிகுந்த கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. காரணம் மூச்சுக்குழாய் ஒவ்வாமை. ஒரு தடவை உடம்பு ஒத்துக்காமல் போனால், அப்புறம் சிட்டிகைத் தூளுக்கே இழுப்பு வந்துவிடும். இதெல்லாம் மூட்டையில் இங்கிலீஷில் இருக்கிறது. எங்களோடு நிற்கிற ஒடிசாப் பையன்களுக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழும் தெரியாது.

உங்கள் ஆபீசில் ஏசி ஓடுகிறது. எங்கள் பக்கமும் ஏசிதான், இந்தத் தூளுக்கு மார்க்கெட்டில் பேரே ஏசி பவுடர். கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்த நன்கொடை கல்வெட்டில் இருக்கிறது. அதில் ஒரு பங்கு போதும், எடை போடுகிற இடத்துக்கு மேலே தூசி உறிஞ்சுகிற விசிறி மாட்ட. கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கணும்.

கேட்பது இவ்வளவுதான். குருணையாக வாங்குங்கள். அதுவரைக்கும் விசிறியும், துணியாக இல்லாமல் நல்ல மாஸ்க்கும் கொடுங்கள். அந்தப் பையனைத் திரும்பத் தூள் பக்கம் நிறுத்தாமல் பேக்கிங்குக்கு மாற்றிவிடுங்கள். ரிஜிஸ்டரில் 'சளி'யை அடித்துவிட்டு, நடந்ததை எழுதச் சொல்லுங்கள். தயவு பண்ணுங்க.

இப்படிக்கு,
கலவைப் பிரிவுத் தொழிலாளி