கோயில் முற்றத்துக்குச் சிமென்ட் வேண்டாம், தம்பி

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம். முட்டிவலி மட்டும் மழைக்காலத்தில் கொஞ்சம் கூடுதல். நீ, மருமகள், பாப்பா மூன்று பேரும் சுகமாக இருக்க தினமும் ஜெபமாலையில் வேண்டிக்கொள்கிறேன்.

அப்பாவின் முதலாண்டு நினைவாகக் கோயில் முற்றம் முழுவதும் பேவர் பிளாக் சிமென்ட் கல் பதிக்க ஒன்றரை லட்சம் தருவதாகப் பங்குப் பேரவையில் சொல்லியிருக்கிறாயாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் செயலாளர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவை நினைத்து நீ இவ்வளவு செய்ய நினைப்பதே பெரிது. ஆனால் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். உன் அப்பா உயிரோடு இருந்தால் இதற்குச் சம்மதித்திருக்க மாட்டார். அதைப் போனில் அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ சின்னப் பையனாக இருந்தபோது கிறிஸ்மஸ் குடிலுக்குப் பாசி எடுக்கப் போவீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா முன்னால் போவார், நீங்கள் ஏழெட்டுப் பையன்கள் சாக்கோடு பின்னால் ஓடுவீர்கள். மலைச்சரிவில் இருக்கும் சோலைக்காட்டுக்குள் போய் மரத்தண்டில் மெத்தை மாதிரி படர்ந்த பாசியை உரித்து, நாலைந்து சாக்கு நிறையக் கொண்டுவருவீர்கள். பாசியோடு ஆர்க்கிட் செடிகளும் வேரோடு வந்துவிடும். குழந்தை இயேசுவுக்கு அழகாக இருக்கும் என்று அதையும் குடிலில் வைப்போம். பொங்கலுக்குள் எல்லாம் காய்ந்து குப்பைக்குப் போய்விடும். அது தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

நீ வேலைக்கு வெளியூர் போன பிறகு ஒரு டிசம்பரில், நம் கொடைக்கானல் செண்பகனூர் மடத்தில் குருத்துவத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிரதர் குடில் கட்ட உதவிக்கு வந்தார். சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி பாசியை எடுத்து எல்லார் முன்னாலும் பிழிந்தார். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இல்லை, கையிலிருந்து ஒழுகியது. "மழை நின்ற பிறகும் நம் ஓடையில் தண்ணீர் வருகிறதே, அது இந்தப் பாசியிலும் சோலையின் மண்ணிலும் தேங்கி நின்ற தண்ணீர்தான். இது திரும்ப வளரப் பல வருஷம் ஆகும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அப்பா அன்றைக்கு இரவு சாப்பிடவே இல்லை. முப்பது வருஷமாக நான்தானே உரித்தேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வருஷத்திலிருந்து, கிறிஸ்மஸுக்கு முந்தைய நாலு வாரமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அன்று, பாசிக்குப் பதிலாகக் குடிலில் வைக்க அப்பா பழைய டிரேக்களில் கோதுமை விதைக்க ஆரம்பித்தார். நம் குளிருக்கு முளைக்கக் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் கிறிஸ்மஸுக்குள் பச்சைப் பசேல் என்று நிற்கும். இப்போது மறைக்கல்விப் பிள்ளைகள் ஆளுக்கொரு டிரே வீட்டில் வளர்த்துக் கொண்டுவருகிறார்கள். சோலைக்கு யாரும் போவதில்லை.

இன்னொன்று, அது உனக்குத் தெரியாது. கல்லறைக்கு மேலே கோயிலுக்குச் சொந்தமான புல் சரிவு இருக்கிறதே, அங்கே ஒரு ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று நம் இளைஞர்கள் சில்வர் ஓக்கும் சைப்ரஸும் நட்டார்கள். அப்பாதான் கோடை முழுவதும் குடத்தில் தண்ணீர் ஊற்றினார். மூன்று வருஷத்தில் ஆள் உயரம் வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, இந்த மலையில் புல்வெளி காலி இடம் இல்லை என்று. மழையை வாங்கி மெதுவாகக் கீழே விடுவதில் சோலைக்குச் சமமாகப் புல்லுக்கும் பங்கு இருக்கிறதாம். வெள்ளைக்காரர் காலத்திலும், சுதந்திரத்துக்குப் பிறகும், புல்வெளியைத் தரிசு என்று நினைத்துத்தான் யூகலிப்டஸும் வாட்டில் மரமும் பைனும் நட்டார்கள். விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் அது உதவியது, அதில் பிழைத்த குடும்பங்களும் உண்டு. ஆனால் புல் போனது போனதுதான். நம் பங்குக் கோயிலும் அதே தப்பைச் சின்ன அளவில் செய்திருக்கிறது என்று புரிந்ததும், தான் தண்ணீர் ஊற்றி வளர்த்த கன்றுகளை அப்பாவே தன் கையால் பிடுங்கினார். 2018ல் அந்தச் சரிவில் நீலக்குறிஞ்சி பூத்தபோது ஒரு வாரம் தினமும் சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவார்.

மரம் நட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிரசங்கத்தில் யாராவது சொன்னால் எனக்கு இப்போது பொறுக்கமுடிவதில்லை. எந்த மரம், எந்த இடம் என்று கேட்காமல் நடுவதைவிட நடாமல் இருப்பது நல்லது. நம் நாற்றங்காலில் இப்போது காட்டுச் செண்பகமும் நாவல் வகைகளும்தான் வளர்க்கிறோம். அதையும் புல்லில் நடுவதில்லை, சோலை சிதைந்துபோன ஓரங்களில் மட்டும்தான். விதை விழுந்ததும் எடுத்து ஈரம் காயுமுன் போட்டால்தான் முளைக்கிறது, பொட்டலம் கட்டி வைத்தால் வீணாகிவிடுகிறது. காட்டுமாடு வந்து பாதியை மேய்ந்துவிடும். மிச்சம் பிழைப்பது வருஷத்துக்கு ஒரு சாண் வளர்ந்தால் பெரிது. பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

இந்த அக்கறை நம் ஊர்க் கோயில்களுக்கு நேற்று வந்தது இல்லை, தம்பி. செண்பகனூரில் சேசு சபையார் 1895ல் மடம் வைத்த பிறகு, இந்த மலையின் செடிகொடிகளைக் கூர்ந்து பார்த்த சாமியார்கள் பலர் அங்கே இருந்திருக்கிறார்கள். ஆங்லாத் அடிகளார் பூக்களை வண்ணத்தில் வரைந்து வைத்தார். மேத்யூ அடிகளார் திருச்சியிலிருந்து வந்து மலை மலையாக ஏறி, பழனி மலைத் தாவரங்களை மூன்று பெரிய தொகுதிகளாக 1999ல் வெளியிட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015ல் பூமியை நம் பொதுவான இல்லம் என்று சொல்லிச் சுற்றுமடல் எழுதினாரே, அதை அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் எங்கள் அன்பியத்தில் வாரம் ஒரு பகுதியாக வாசித்தோம். பூமியின் கதறலும் ஏழையின் கதறலும் வேறு வேறு இல்லை என்று அதில் வருகிறது. எங்களுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்பது யார் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். விடுதி வைத்திருப்பவர்கள் லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்கிறார்கள்.

மற்றபடி சின்னச் சின்ன மாற்றங்கள். பெருவிழா விருந்துக்கு எவர்சில்வர் தட்டு, அன்பியம் முறை வைத்துக் கழுவுகிறது, கழுவின தண்ணீர் வாழைக்குப் போகிறது. ஃப்ளெக்ஸ் பேனர் இல்லை. கல்லறைத் திருநாளுக்குப் பிளாஸ்டிக் மாலை கொண்டுவரக் கூடாது என்று ஃபாதர் இரண்டு வாரம் முன்பே அறிவித்துவிடுகிறார். பக்கத்து சி.எஸ்.ஐ. சபையாரும் தங்கள் விருந்துக்கு நம் தட்டுகளைத்தான் வாங்கிப் போகிறார்கள்.

இப்போது முற்றத்துக்கு வருகிறேன். கோயிலுக்குக் கீழே இருக்கும் ஊற்றில்தான் உன் பாட்டி காலத்திலிருந்து நாங்கள் தண்ணீர் எடுத்தோம். மேலே ரோடு போட்டு, கட்டடங்கள் வந்த பிறகு மாசி மாதமே வற்ற ஆரம்பித்தது. ஊற்றுக்கு மேலே திறந்த மண்ணாக மிச்சம் இருப்பது கோயில் முற்றமும் கல்லறையும் மட்டும்தான். போன இரண்டு வருஷமாகப் பங்குனி வரை கொஞ்சம் நூல் மாதிரி வருகிறது. நாங்கள் வெட்டிய மழைக்குழிகளால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், மழையும் நன்றாகப் பெய்தது. ஆனால் அந்த முற்றத்தையும் கல்லால் மூடினால், ஐப்பசி மழை முழுவதும் ரோட்டுச் சாக்கடையில் இறங்கிப் போய்விடும். இந்தச் சரிவில் பெய்வது மஞ்சளாறு வழியாக வைகைக்குப் போகிற தண்ணீர். அந்தப் பக்கச் சரிவில் பெய்வது சண்முகநதி, அமராவதி என்று காவிரிக்குப் போகிறது. கீழே எத்தனை ஊர்கள்!

மழையில் சேறாகிறது, வயதானவர்கள் வழுக்குகிறார்கள் என்று பேரவையில் சொல்வது நியாயம். நானே போன வருஷம் வழுக்கி விழுந்தேன். அதற்கு கேட்டிலிருந்து வாசல் வரை நாலடி அகலத்தில் இடைவெளி விட்டுக் கருங்கல் பாதை போட்டால் போதும். மிச்சப் பணத்தில் கோயில் கூரைக்கு நல்ல தகரக் குழாய் வைத்து, பக்கத்தில் ஒரு தொட்டி கட்டலாம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். நம் கோயில் கூரை ஏறக்குறைய 200 சதுர மீட்டர், கொடைக்கானலில் வருஷத்துக்குச் சுமார் 1600 மில்லிமீட்டர் மழை. கணக்குப் போட்டுப் பார், 3 லட்சம் லிட்டருக்கு மேல். சிந்துவதும் ஆவியாவதும் போக இரண்டரை லட்சமாவது கையில் நிற்கும். இருபதாயிரம் லிட்டர் தொட்டி பலமுறை நிரம்பும். நிரம்பி வழிவதைக் குழிக்குள் விட்டால் ஊற்றுக்குப் போகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மதியம் கைகழுவத் தண்ணீர் இருக்கும்.

தொட்டியில் அப்பா பெயர் எழுத வேண்டாம் என்பது என் விருப்பம். உனக்கு எழுதத்தான் வேண்டும் என்றால் சின்னதாக எழுது, நான் தடுக்கவில்லை. அவர் கல்லறைக்குக் கிரானைட் போடலாமா என்று நீ கேட்டதற்கும் இதே பதில்தான். அதன்மேல் இப்போது புல் வந்துவிட்டது, நன்றாக இருக்கிறது.

பேரவை வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு கூடுகிறது. நான் பேசினால் பெண்பிள்ளை பேச்சு என்று ஒன்றிரண்டு பேர் ஒதுக்கிவிடுவார்கள், பணம் கொடுப்பவன் நீ பேசினால் கேட்பார்கள். அதனால் சனிக்கிழமைக்குள் ஃபாதருக்கு நீயே போன் செய்து, தொட்டிக்கும் பாதைக்கும் என்று சொல்லிவிடு. மேஸ்திரியிடம் விலை கேட்டு வைத்திருக்கிறேன்.

மலைப்பூண்டு இரண்டு கிலோ காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். ஊருக்கு வந்திருக்கும் உன் சிநேகிதன் அடுத்த மாதம் திரும்பும்போது கொடுத்து அனுப்புகிறேன். பாப்பாவின் காலளவு அனுப்பு, கம்பளி சாக்ஸ் பின்ன வேண்டும்.

அன்புடன்,
அம்மா