கதவு மூடாத காது

பெரம்பூர், சென்னை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் குட்டியும் நலமா?

நேற்று அம்மா போனில் உன்னிடம், "அப்பாவுக்குக் காது போச்சுடி, எல்லாம் அந்த ஆபரேஷனால வந்த வினை" என்று சொல்லிவிட்டாள். அப்புறம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் முழுக்க அழுகை. பணம் கொடுத்தது நான்தானே, வற்புறுத்தியதும் நான்தானே என்று. அம்மா சொன்னதில் பாதிதான் சரி பாப்பா. ஆபரேஷனுக்குப் பிறகு வந்தது என்பது சரி. காது போச்சு என்பது தப்பு. கேட்கும் திறனைப் பார்க்கிற ஆடியோகிராம் எடுத்தாச்சு, என் வயசுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. கேட்க வேண்டாததும் சேர்ந்து கேட்கிறது, அதுதான் தொல்லை. போனில் சொன்னால் நீ நடுவில் நூறு கேள்வி கேட்பாய், என்னாலும் நீளமாகப் பேச முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எடை குறைக்கிற இந்த ஸ்லீவ் ஆபரேஷனில் வயிற்றில் முக்கால் பங்கை எடுத்துவிடுகிறார்கள், உனக்குத் தெரியும். 118 கிலோ இருந்தவன் 82-க்கு வந்துவிட்டேன். எடை மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்த சமயத்தில்தான் இது ஆரம்பித்தது. டிப்போ நண்பர்களோடு டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று வலது காதுக்குள் என் குரலே முழங்க ஆரம்பித்தது. எதிரில் நிற்பவன் பேசுவது சாதாரணமாகக் கேட்கிறது, நான் பேசுவது மட்டும் மண்டைக்குள் இடிக்கிறது. வாயை மூடினால் மூச்சுச் சத்தம். இழுத்தால் ஒரு உஸ், விட்டால் ஒரு உஸ். முரசொலி மாறன் பூங்காவில் காலையில் வேகமாக நடந்தால் இன்னும் மோசம்.

எந்தச் சொல்லுக்கு அதிகமாக இடிக்கிறது என்று நானே சோதித்துப் பார்த்தேன். கண்டக்டராக 29சி பஸ்ஸில் கூவிக் கூவி ஏற்றின ஸ்டாப்புகளைத்தான் சொல்லிப் பார்த்தேன். லஸ், அடையாறு என்றால் பரவாயில்லை. ஜெமினி, மந்தைவெளி என்றால் போச்சு. மூக்கு வழியாக வருகிற ம, ந, ன எல்லாம் நேராகக் காதுக்குள் போய் அடிக்கின்றன. இதைப் பிற்பாடு காது டாக்டரம்மாவிடம் சொன்னபோது சிரித்தார், ஆனால் குறித்துக்கொண்டார். அப்படித்தான் இருக்குமாம்.

வீடியோ காலில் நீ "சத்தமா பேசுங்கப்பா, ஒண்ணுமே கேக்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாயே, அதற்கும் இதுதான் காரணம். எனக்கு நான் கத்துகிற மாதிரி இருக்கும், அதனால் குரல் தானாக இறங்கிவிடும். ஃபுட்போர்டில் தொங்குகிறவனை உள்ளே வரவழைத்த குரல்! அம்மாவோ நான் ஏதோ கோபத்தில் முணுமுணுக்கிறேன் என்று நினைத்து, கொஞ்ச நாள் அவளும் பேசாமல் இருந்தாள். அந்த நிம்மதியை நான் கெடுக்கவில்லை.

முதலில் பக்கத்து கிளினிக்கில் காட்டினேன். சளி அடைப்பு என்று மூக்கில் விடுகிற சொட்டு மருந்தும், சளியை வற்ற வைக்கிற மாத்திரையும் கொடுத்தார்கள். போட்டதும் இன்னும் அதிகமானது. வற்ற வைக்கவே கூடாதாம் இதற்கு. அடைப்பு மாதிரி தோன்றும், ஆனால் உள்ளே நடப்பது அதற்கு நேர் எதிர்.

அப்புறம் பார்த்த டாக்டரம்மா காதைத் தொடுவதற்கு முன்பே, "சமீபத்தில் உடம்பு இளைத்தீர்களா?" என்று கேட்டார். அடுத்த கேள்வி, "படுத்தால் நின்றுவிடுகிறதா?" ஆமாம், படுத்தால் ஸ்விட்சை அணைத்த மாதிரி நிற்கிறது. குனிந்து தலையை முழங்காலுக்கு நடுவில் வைத்தாலும் நிற்கிறது. தலைப்பக்கம் ரத்தம் தேங்கி, காதிலிருந்து மூக்குக்குப் போகிற ஒரு குழாயைச் சுற்றியுள்ள சதை கொஞ்சம் உப்புவதால் அப்படி. தலைச்சுற்றல் உண்டா, பெரிய சத்தம் கேட்டால் தள்ளாடுகிறதா என்றும் கேட்டார். அப்படி இருந்தால் உள்காதின் எலும்பில் துவாரம் இருக்கலாம், ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். எனக்கு அதெல்லாம் இல்லை.

காதுக்குள் சின்ன கேமராவை வைத்து, ஒரு பக்க மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் வேகமாக மூச்சு விடச் சொன்னார். திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில், கொஞ்சம் பளபளப்பாக ஒரு சவ்வு. நான் மூச்சை இழுத்தால் உள்ளே போகிறது, விட்டால் வெளியே வருகிறது. என் செவிப்பறை பாப்பா! ஒவ்வொரு மூச்சுக்கும் ஆடுகிறது. சாதாரணமாக ஆடாதாம்.

காரணம் இதுதான். நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் போகிறது, சுமார் 3.5 சென்டிமீட்டர் நீளம். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிக்காரர் ஒருவர் பெயரில் யூஸ்டேஷியன் குழாய் என்கிறார்கள். எப்போதும் மூடியிருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மட்டும் திறந்து, காற்றழுத்தத்தைச் சரிசெய்துவிட்டு மூடிக்கொள்ளும். ஸ்டாப் வந்தால் திறந்து, விசில் கொடுத்தால் மூடுகிற கதவு என்று வைத்துக்கொள். அதை மூடி வைக்க உதவுவது பக்கத்தில் இருக்கிற சின்னக் கொழுப்புத் திட்டு. உடம்பு வேகமாக இளைக்கும்போது தொப்பையோடு சேர்ந்து அதுவும் கரைந்துவிடுகிறது. கதவு திறந்தபடியே வண்டி ஓடுகிறது. பட்டினி கிடந்து இளைத்தவர்களுக்கும், நோயால் மெலிந்தவர்களுக்கும், சில கர்ப்பிணிகளுக்கும்கூட இது வருமாம். ஆக, கத்தி பட்டது வயிற்றில், காதில் யாரும் கை வைக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்து வாங்கிய தாள்களில் முடி கொட்டும், பித்தப்பையில் கல் வரலாம், பி12 வைட்டமின் குறையும் என்றெல்லாம் இருந்தது. காதைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கலாம். உயிருக்கு ஆபத்தில்லாத சமாச்சாரம், விட்டிருப்பார்கள். ஆனால் தெரியாமல் வந்தால் மனுஷன் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்துபோகிறான், அதை யாராவது யோசிக்க வேண்டும்.

இப்போதைக்கு வைத்தியம் எளிது. உப்புத்தண்ணீர் சொட்டு மருந்து மூக்கில் விடுகிறேன். காபி, டீயைக் குறைத்தாச்சு. தண்ணீர் நிறைய குடிக்க வேண்டும், உடம்பு வறண்டால் இது கூடும். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு மடக் மடக் என்று குடிக்க முடியாது, சாப்பாட்டோடும் குடிக்கக் கூடாது. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாயாக உறிஞ்சிக்கொண்டே இருக்கிறேன். சென்னை வெயிலில் அதுவே ஒரு முழுநேர வேலை. மூக்கைச் சர்ரென்று உறிஞ்சினால் காது சட்டென்று சரியாகும், அந்தப் பழக்கம் எனக்கு வந்திருந்தது. டாக்டரம்மா அதற்குத்தான் கண்டித்தார். உறிஞ்சி உறிஞ்சி செவிப்பறை உள்பக்கம் இழுபட்டால் பிற்பாடு பெரிய சிக்கல் ஆகுமாம். விட்டுவிட்டேன். எடை ஒரு நிலைக்கு வந்து நின்றால் சிலருக்குத் தானாகக் குறைகிறது. குறையாவிட்டால் செவிப்பறைமேல் சின்ன ஒட்டு, குழாயைக் குறுக்குகிற சிகிச்சை என்று அடுத்த படிகள் இருக்கின்றன. அவசரமில்லை.

நாலு கிலோ ஏற்றினால் சரியாகலாம் என்று அம்மா இட்லியோடு நெய்யை எடுத்துக்கொண்டு வருகிறாள். நான் ஏற்றப்போவதில்லை. இன்சுலின் ஊசி நின்றிருக்கிறது. பெரம்பூர் ஸ்டேஷன் படியை மூச்சு வாங்காமல் ஏறுகிறேன். அந்தச் சுகத்துக்கு இந்த உஸ் உஸ் சத்தம் கொடுக்க வேண்டிய டிக்கெட் என்றால் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீ கொடுத்த பணம் வீண் போகவில்லை. அந்த மருத்துவமனைக்குப் போன் போட்டுச் சண்டை போடுவதாகச் சொன்னாயே, அது வேண்டாம்.

இனி இரவு ஒன்பதரைக்கு மேல் கூப்பிடு, உங்கள் மஸ்கட்டில் எட்டு மணி. அப்போது நான் படுத்திருப்பேன், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். வீடியோவில் மின்விசிறிதான் தெரியும், குட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவை. தீபாவளிக்கு வரும்போது சளியை வற்ற வைக்கிற அந்த மூக்கு ஸ்பிரேயை வாங்கி வராதே. பேரீச்சம்பழம் கொண்டு வா, அம்மாவுக்கு.

அன்புடன்,
அப்பா