பிழிகிற கையும் மாவு போடுகிற கையும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் பக்கத்தில், மீன் தீவனப் பட்டறை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். தீவன மாவைச் சின்னத் துண்டுகளாகப் பிழியும் பெல்லட் மெஷினின் மெயின் மோட்டாருக்கு, வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டி மாட்டினால் கரண்ட் பில் பாதியாகும் என்று சொல்லி விற்றார்களாம். மாட்டி நாலு மாதமாகியும் பில் அசையவில்லையாம். இன்வெர்ட்டர் என்பதே ஏமாற்று வேலை என்று முடித்திருந்தார். அவர் கோபம் நியாயம்தான், முடிவுதான் தப்பு. பெட்டியில் குறை இல்லை, மாட்டிய இடம்தான் சரியில்லை. செபராங் பிறைப் பக்கம் தீவன ஆலைகளில் 26 வருடம் சார்ஜ்மேனாக, அதாவது சான்றிதழ் பெற்ற மின் பொறுப்பாளராக, இருந்தவன் நான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்லாக்கில் வேரியபல் ஸ்பீட் டிரைவ் என்று போட்டிருக்கும். பட்டறையில் எல்லோருக்கும் அது இன்வெர்ட்டர். நம் நாட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சாதாரண நாலு போல் மோட்டாரை நேராக அதில் மாட்டினால் நிமிடத்துக்குச் சுமார் 1,450 சுற்று, அவ்வளவுதான், கூடவும் கூடாது குறையவும் குறையாது. இன்வெர்ட்டர் அந்தக் கரண்டை வாங்கி டிசியாக மாற்றி, மறுபடி நமக்கு வேண்டிய ஹெர்ட்ஸில் ஏசியாக வெட்டிக் கொடுக்கும். 40 கொடுத்தால் மோட்டார் மெதுவாகும், 30 கொடுத்தால் இன்னும் மெதுவாகும். வீட்டு ஏர்கோனில் ஒட்டியிருக்கிறதே இன்வெர்ட்டர் என்று, அதே சங்கதிதான். விற்க வருகிறவர்களும் அந்த ஏர்கோனைக் காட்டித்தான் பேசுவார்கள். அறை குளிர்ந்த பிறகு ஏர்கோனுக்கு வேலை குறைவு, அதனால் மிச்சம். பெல்லட் மெஷினுக்கு அப்படி வேலை குறையும் நேரம் எது? அதைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பெல்லட் மெஷினைப் பார்க்காதவர்கள் முறுக்கு உரலை நினைத்துக்கொள்ளலாம். இங்கே அச்சு தட்டையாக இல்லாமல் கனத்த இரும்பு வளையமாக இருக்கும், உடம்பெல்லாம் ஓட்டை. அதற்கு டை என்று பெயர். டை சுற்றும்போது உள்ளே இருக்கும் ரோலர்கள் மாவை ஓட்டைக்குள் அமுக்கும். வெளியே வருவதைக் கத்தி வெட்டித் தள்ளும். மாவு உலர்ந்தால் இறங்காது, ஈரம் கூடினால் வழுக்கும். முறுக்கு சுடுகிற எந்த அம்மாவுக்கும் தெரிந்ததுதான். எங்கள் மாவு அரைத்த சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு. தண்ணீருக்குப் பதில் நீராவி. கண்டிஷனர் என்ற நீள உருளைக்குள் நீராவி பட்டு, கோழித் தீவனமென்றால் 80 டிகிரி வாக்கில் சூடாகி, டைக்கு வந்து விழும். அந்தக் கண்டிஷனருக்கு முன்னால் மாவை அளந்து தள்ள ஒரு சின்ன ஸ்குரூ உண்டு. அதுதான் ஃபீடர். மெயின் மோட்டார் 110 கிலோவாட் என்றால் ஃபீடர் மோட்டார் ஒன்றரை, இரண்டு கிலோவாட்தான்.

பிழிகிறவன் பலசாலி, சரி. ஆனால் உரல் அடைக்காமல் ஓடுவது மாவு போடுகிறவன் கையில். அன்பர் வீட்டில் இன்வெர்ட்டரைக் கொண்டுபோய்ப் பிழிகிறவன் தோளில் மாட்டிவிட்டார்கள்.

மெயின் மோட்டாரை 50-லிருந்து 40-க்கு இறக்கினால் மீட்டரில் கரண்ட் குறைந்து தெரியும். பெல்லட்டும் அதே கணக்கில் குறையும். ஒரு டன் பிழிய வேண்டிய உழைப்பு அப்படியேதான் இருக்கிறது. எட்டு மணி நேர வேலை பத்து மணி நேரமாக இழுக்கும், பாய்லர் இரண்டு மணி கூடுதலாக எரியும், ஓவர்டைம் வேறு. இன்வெர்ட்டரும் தன் பங்குக்கு இரண்டு மூன்று சதவீதத்தைச் சூடாக்கி விடும். மோட்டார் மெதுவாகச் சுற்றினால் அதன் முதுகிலுள்ள விசிறியும் மெதுவாகும். சுமை குறையாமல் காற்று மட்டும் குறைந்தால் மோட்டார் வேகாமல் என்ன செய்யும்?

இன்னொரு பாட்டும் பாடுவார்கள். ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் ஆறேழு மடங்கு ஆம்பியர் இழுக்கிறது, இன்வெர்ட்டர் போட்டால் அது போய்விடும், அதனால் மேக்ஸிமம் டிமாண்ட் கட்டணம், அதாவது மாதத்தில் ஆலை இழுத்த உச்ச அளவுக்குப் போடும் கட்டணம், விழுந்துவிடும் என்று. முதல் பாதி உண்மை. பெல்ட்டுக்கும் கியருக்கும் அது நல்லதும்கூட. ஆனால் மின்வாரியமான தெனாகா அந்த டிமாண்டை 30 நிமிடச் சராசரியாகத்தான் கணக்குப் பார்க்கிறது. பத்து விநாடி ஸ்டார்ட்டிங் அந்த அரை மணியில் கடலில் கரைத்த பெருங்காயம்.

மெயின் மோட்டாருக்கு இன்வெர்ட்டரே ஆகாது என்று சொல்லவில்லை. ஒரே மெஷினில் இன்றைக்குச் சின்ன இறால் தீவனம், நாளைக்குப் பெரிய மாட்டுத் தீவனம் என்று மாற்றி மாற்றிப் பிழிபவருக்கு டையின் வேகத்தை மாற்ற முடிவது பெரிய வசதி. பெரிய பெல்லட்டுக்கு டை நிதானமாகச் சுற்றினால் உடையாமல் வரும். அது தரத்துக்கான செலவு. பில் குறையும் என்று சொல்லி அதை விற்பதுதான் தப்பு.

பில் உண்மையிலேயே குறைவது, சூடான பெல்லட்டை ஆற்றும் கூலரின் விசிறியில். விசிறியின் கணக்கே வேறு. வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் கரண்ட் ஏறக்குறைய பாதியாகிவிடும். நாங்களே 50-லிருந்து 42-க்கு இறக்கி நன்றாகக் காசு பார்த்தோம். அப்புறம் யாரோ ஆசைப்பட்டு 30-க்கு இறக்கினார்கள். பெல்லட் சூடு ஆறாமலே மூட்டைக்குள் போய், உள்ளே வியர்த்து, மூன்றாவது வாரம் நிபோங் திபாலில் ஒரு பண்ணையிலிருந்து 40 மூட்டை பச்சைப் பூசணத்தோடு திரும்பி வந்தது. அந்த லோரியிலிருந்து இறங்கிய வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. கூலரிலிருந்து வரும் பெல்லட்டைக் கையில் அள்ளினால் ஆலைக் காற்றைவிட ஐந்து டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக்கூடாது. மிச்சம் பிடிப்பதற்கு அதுதான் எல்லை.

இப்போது ஃபீடருக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஒரு ஆலையில் (பெயர் வேண்டாம்) அதுவரை ஃபீடர் வேகத்தை ஒரு கைச்சக்கரத்தைத் திருப்பித்தான் மாற்றுவோம். ஓட்டுகிறவர் மெயின் மோட்டாரின் ஆம்பியர் மீட்டரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்க வேண்டும், கண்ணசந்தால் போச்சு. கப்பல் மாறினால் சோளம் மாறும், சோளம் மாறினால் ஆம்பியர் மாறும். இந்தத் தொல்லைக்காக ஃபீடருக்கு இன்வெர்ட்டர் வாங்கினார் தவுக்கே, எங்கள் முதலாளி. மெயின் மோட்டார் கேபிளில் ஆம்பியரை அளக்கும் ஒரு கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் மாட்டினார்கள். அது காட்டும் ஆம்பியரைப் பார்த்து இன்வெர்ட்டரே ஃபீடரை முடுக்கும், அடக்கும். மோட்டார் தகட்டில் 190 ஆம்பியர். 170-இல் நிற்க வேண்டும் என்று கேட்டோம். விற்ற கம்பெனி ஆள் வந்தார், மடிக்கணினியைச் செருகினார், ஓடுகிறது பாருங்கள் என்றார், மதியச் சோற்றுக்கு முன்னால் கிளம்பிவிட்டார்.

அன்று இரவு இரண்டு மணிக்கு முள் ஆடத் தொடங்கியது. 120-க்கு இறங்கும், 185-க்கு ஏறும், திரும்பவும் 120. ஊஞ்சல் மாதிரி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஏற்றம் கூடிக்கொண்டே போனது. நன்றாக ஓடும் டை ஒரே சீராக உறுமும். அந்த உறுமல் திடீரென்று அடங்கி, ரோலர் வழுக்கும் ஒரு இழுவைச் சத்தம் கேட்டது. கை சுவிட்சுக்குப் போவதற்குள் மெயின் டிரிப் ஆகிவிட்டது. மெயின் சுவிட்சில் என் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தால், கருகிய சோளப்பொரி வாசம். டைக்கும் ரோலருக்கும் நடுவே மாவு செங்கல்லாக இறுகியிருந்தது. நானும் ஒரு நேப்பாளத் தம்பியும் உளியும் சுத்தியலுமாக ஒன்றரை மணி நேரம் கொத்தினோம். ஓட்டைக்குள் இறுகியதைத் தள்ள எண்ணெய் கலந்த தவிட்டைப் போட்டு ஓட்டினோம். எண்ணெய்த் தவிடு என்பது தினமும் மெஷினை நிறுத்துமுன் டைக்கு ஊட்டுவது. அதை ஊட்டாமல் படுக்கப்போனால் காலையில் ஓட்டை எல்லாம் கல்.

காலையில் ஒரு சின்னச் சோதனை செய்தேன். ஃபீடரைக் கையால் ஓட்டி, ஆம்பியர் நிதானமானதும் சட்டென்று நிறுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மெயின் ஆம்பியர் இறங்கத் தொடங்க 26 விநாடி ஆனது. மாவு கண்டிஷனருக்குள் கிடக்கும் நேரம் அது. இன்வெர்ட்டருக்கு இது தெரியாது. ஆம்பியர் குறைவு என்று ஃபீடரை முடுக்குகிறது. பலன் தெரியவில்லை, இன்னும் முடுக்குகிறது. 26 விநாடி கழித்து எல்லாம் மொத்தமாக வந்து டையில் விழுகிறது. உப்பு கரையுமுன் ருசி பார்த்துவிட்டு மறுபடி ஒரு கை போட்ட ரசத்தின் கதைதான். இன்வெர்ட்டரை நிதானப்படுத்த வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம்.

ஆனால் செட்டிங் எல்லாம் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தது! போன் போட்டால், ஆள் அனுப்புகிறோம், வருகைக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். காசு கொடுத்து வாங்கிய பெட்டி, அதன் சாவி மட்டும் அவர்களிடம். நாலு நாள் நச்சரித்த பிறகுதான் எண்ணைச் சொன்னார்கள். அந்த நாலு நாளும் ஃபீடரைக் கையால்தான் ஓட்டினோம்.

திறந்ததும் மூன்று விஷயங்கள் செய்தேன். பிழையைப் பார்த்துப் பாயும் வேகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தேன். திருத்திக்கொள்ளும் நேரத்தை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டினேன். ஃபீடரை 30 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 42-க்கு மேலேயும் போக விடவில்லை. கடைசியாகச் சொன்னதுக்குக் காரணம் நீராவி. மாவு கூடினால் நீராவியும் கூட வேண்டும், எங்கள் வால்வோ கையால் திருப்புவது. ஃபீடர் இஷ்டத்துக்கு ஆடினால் ஒரு நிமிடம் மாவு உலர்வு, மறு நிமிடம் சேறு. இதோடு, ஆம்பியர் 185-ஐத் தாண்டினால் யோசிக்காமல் ஃபீடர் நின்றுவிட வேண்டும் என்று தனியாக ஒரு ரிலேயும் (தானே அணைக்கும் சுவிட்ச்) வைத்தேன். அதன் பிறகு முள் 165-க்கும் 175-க்கும் நடுவில் நின்றது. வாரத்துக்கு மூன்று முறை அடைத்த டை அந்த வருடம் முழுக்க இரண்டு முறைதான் அடைத்தது, அதில் ஒன்று எங்கிருந்தோ விழுந்த ஒரு போல்ட்.

அந்த நேப்பாளத் தம்பிக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். பேனலில் எல்லாம் ஆங்கிலம், கைப்புத்தகம் சீனம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் குமிழைத் திருப்பினால் வேகம், வேகம் என்றால் மூட்டை. வெள்ளை டேப்பில் மலாயில் எழுதி மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன்: லாஜுவை (வேகத்தை) பார்க்காதே, ஆம்பியரைப் பார். ஒரு மாதத்தில் அவர் என்னைவிட நன்றாக ஓட்டினார், முள்ளைப் பார்க்காமல் சத்தத்திலேயே சொல்லிவிடுவார்.

அன்பருக்கு இரண்டு வார்த்தை. பெரிய இன்வெர்ட்டரைக் கழற்றிக் கடாசிவிடாதீர்கள், 50-இலேயே ஓட விடுங்கள், ஸ்டார்ட்டிங்குக்கு உதவும். ஃபீடருக்கு ஒரு சின்ன இன்வெர்ட்டர் சில நூறு வெள்ளிதான் (ரிங்கிட்). வாங்கும்போது செட்டிங் பட்டியலையும் கடவுச்சொல்லையும் தாளில் எழுதி வாங்குங்கள், தராவிட்டால் காசு கொடுக்காதீர்கள். அந்தக் கடிகாரச் சோதனையை நீங்களே செய்யலாம், சார்ஜ்மேன் வேண்டாம். பெட்டியைத் திறக்கும் வேலைக்கு மட்டும் சான்றிதழ் உள்ளவரைக் கூப்பிடுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே 550 வோல்ட்டுக்கு மேல் சில நிமிடம் தங்கியிருக்கும், பத்து நிமிடமாவது காத்திருந்து அளந்து பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். என் நண்பர் ஒருவருக்கு அந்தப் பொறுமை இல்லை. கைவிரல் இரண்டு மடங்காது.

இன்னொன்று. மத்தியானச் சூட்டில் இன்வெர்ட்டர் டிரிப் ஆகிறது என்று பேனல் கதவைத் திறந்துவைத்து, எதிரே மேசை விசிறியை ஓட விடுவார்கள். பத்து ஆலைக்குப் போனால் எட்டில் இதைப் பார்க்கலாம். சோள மாவு அத்தனையும் உள்ளே போய், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளில் அப்பம் மாதிரி படியும், சூடு இன்னும் கூடும். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். ஒரு பல்லி இரண்டு டெர்மினலில் காலை வைத்ததில் எட்டாயிரம் வெள்ளிப் பெட்டி போனதை நானே பார்த்திருக்கிறேன். கதவைச் சாத்தி, பேனல் விசிறியின் ஃபில்டரை வாரம் ஒரு முறை தட்டிப் போடச் சொல்லுங்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். பழைய தவுக்கே தமிழ்ப் பேப்பர் படிக்க மாட்டார், அவருடைய கிராணி (குமாஸ்தா) படிப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சார்ஜ்மேன்,
சிம்பாங் அம்பாட், பினாங்கு.