மரகதத்துக்கு ஒரு கடிதம்

நாகர்கோவில்

அன்புள்ள மரகதம்,

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் போடாததற்குச் சாக்கு எதுவும் இல்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். முட்டுவலி அப்படியேதான். சின்னவன் வேலையை விட்டுவிட்டான், அதை போனில் சொல்கிறேன். பார்வதி இன்னும் அந்தப் பழைய கணக்கையே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

விஷயம் என்னவென்றால், இங்கிலாந்துக்குப் போகிற நர்ஸ் பிள்ளைகளுக்கு மாடியில் இங்கிலீஷ் எடுக்கிறேன் இல்லையா, அதில் ஒரு பிள்ளை அங்கிருந்து போன் பண்ணினாள். ராத்திரி டியூட்டியில் எண்பது தாண்டிய ஒரு பாட்டி, “ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி” (ஒரு பென்னிக் காசு செலவழிக்கணும்) என்றாராம். இவள் ஓடிப்போய்ப் பாட்டியின் பர்ஸைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பாட்டிக்கு வேண்டியது கழிப்பறை! சிரிக்காதே, நீயாக இருந்தால் சில்லறையே மாற்றிக் கொடுத்திருப்பாய்.

1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் கழிப்பறைகள் அமைத்து ஆளுக்கு ஒரு பென்னி வாங்கினார். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்களாம். அப்புறம் ஊரெங்கும் காசு போட்டால் திறக்கிற கதவுகள் வந்தன. ஆண்கள் நின்றபடி போவதற்குப் பெரும்பாலும் காசில்லை, பெண்களுக்குத்தான் பென்னி. அதனால் இந்தப் பேச்சும் அதிகம் பெண்கள் வாயில்தான். இன்றைய இளசுகள் சொல்வதில்லை. ஆனால் வார்டில் படுத்திருப்பவர்கள் இளசுகளா?

நம் பிள்ளைகள் படிக்கிற கைடில் என்ன இருக்கிறது தெரியுமா? பூனையும் நாயுமாக மழை கொட்டுவதுதான் முதல் பாடம். அந்தக் காலத்தில் கூரையில் தூங்கிய பூனைகள் மழையில் வழுக்கி விழுந்ததாக ஒரு கதை வேறு. யாரோ இன்டர்நெட்டில் கட்டிவிட்டது. அடுத்தது ‘பிரேக் எ லெக்’, அதாவது ‘காலை உடைத்துக்கொள்’. மேடை ஏறுகிறவனுக்குச் சொல்கிற வாழ்த்து. இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் போகிற கிழவரிடம் யாராவது இதைச் சொல்லித் தொலைக்கப் போகிறார்கள் என்று எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

உண்மையில் வேண்டியது வேறு. ‘வாட்டர்வொர்க்ஸ்’ தகராறு என்றால் சிறுநீர்ப் பிரச்சினை. (நம் வகுப்பில் ஒருத்தி, “குடிநீர் வாரியமா டீச்சர்?” என்றாள்.) ‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’ என்றால் கைகால் மரத்து ஊசி குத்துவது. ‘தி ரன்ஸ்’ வயிற்றுப்போக்கு. ‘ஆஃப் மை ஃபுட்’ என்றால் சாப்பிடவே பிடிக்கவில்லை. தொண்டையில் தவளை இருக்கிறது என்றால் குரல் கம்மியிருக்கிறது, அவ்வளவுதான். இதையெல்லாம் எந்தக் கைடும் சொல்வதில்லை. நம்மிடம் மட்டும் என்ன வாழ்கிறது? டெல்லியிலிருந்து வருகிற டாக்டரிடம் நம் ஆச்சிமார் “கைகால் உளையுது, நெஞ்சைக் கரிக்குது” என்றால் அவர் எந்தக் கைடைப் புரட்டுவார்?

இதில் என்னைத் தூங்கவிடாதது ஒன்றுண்டு. அந்த ஊர்க் கிழவர்கள் எதையும் குறைத்துத்தான் சொல்வார்கள். மூச்சு வாங்குகிறவர்கூட, ‘எ பிட் அண்டர் த வெதர்’ என்பார். கைடில் அதற்கு ‘லேசான உடல்நலக் குறைவு’ என்று போட்டிருக்கிறது. அதை நம்பி இந்தப் பிள்ளை போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டுப் போனால் என்ன ஆவது? நல்லவேளையாக அங்கே ‘நியூஸ்-2’ என்று ஒரு அட்டவணை உண்டு. மூச்சு, ஆக்சிஜன், பிரஷர், நாடி, நினைவு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டி, ஏழோ அதற்கு மேலோ வந்தால் அவசரமாக ஆளைக் கூப்பிட வேண்டும். நோயாளி சொல்வதைக் கேள், ஆனால் முதலில் மூச்சை எண்ணு என்று தொண்டை வற்றக் கத்துகிறேன்.

இன்னொன்றும் கத்துகிறேன்: இவையெல்லாம் காதுக்கு, வாய்க்கு இல்லை. இங்கிலீஷ் கொஞ்சம் வந்ததும் பிள்ளைகளுக்கு அதைக் காட்ட ஆசை வந்துவிடுகிறது. ‘கிக்டு த பக்கெட்’ என்பதைச் சாவுச் செய்தி சொல்வதற்கான அழகான இங்கிலீஷ் என்றே ஒருத்தி நினைத்திருந்தாள். செத்தவரின் மகளிடம் போய் ‘உங்கப்பா மண்டையைப் போட்டுட்டார்’ என்பதா? நம் ஊரில் ‘தவறிட்டார்’ என்போம். அங்கே பயிற்சியில் அப்படி மூடிச் சொல்வதையும் வேண்டாம் என்கிறார்கள், இறந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டுமாம். கேட்கிறவர்களுக்குச் சந்தேகம் மிஞ்சக்கூடாது என்பதற்காக. சிவகாமி அக்காவுக்கு அன்றைக்கு எப்படிச் சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தேன். நீதானே சொன்னாய். எந்த வார்த்தையில் சொன்னாய் என்பது எனக்கு நினைவில்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன். உன் மருமகள் கிளாஸ்கோவில்தானே வேலை பார்க்கிறாள்? ஸ்காட்லாந்துக்காரர்கள் முகம் வெளிறி இருப்பவரைப் ‘பீலி வாலி’ என்பார்களாமே. பிள்ளைகளிடம் சொன்னதும் ஒருத்தி முருகன் பாட்டா என்று கேட்டாள். உன் மருமகள் காதில் விழுகிற இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் வாட்ஸ்ஆப்பில் பேசி அனுப்பச் சொல். எழுதி வேண்டாம், அந்த ஊர் உச்சரிப்போடு வேண்டும். வைகாசியில் இரண்டு பேர் அந்தப் பக்கம்தான் போகிறார்கள்.

உன் சாந்தா