கன்ட்ரோல் திரைக்குத் தமிழ் வேண்டும், அதுவும் ஆபரேட்டர் பேசும் தமிழ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபம் கரையோரம் ஒரு கடலுணவு ஆலையில் 11 ஆண்டுகளாக ஆர்.ஓ. பிளாண்ட் ஆபரேட்டராக இருக்கிறேன். ஐ.டி.ஐ. படித்தவள். கடல்நீரில் உப்பு நீக்கி, இறால் கழுவவும் ஐஸ் போடவும் அங்கே உரிக்கும் பெண்கள் குடிக்கவும் தண்ணீர் கொடுப்பது எங்கள் பிரிவு. நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கப் போகிறார்கள் என்றபோது வாய் பிளந்து கேட்ட மாவட்டம் இது. இன்று ஆர்.ஓ. என்ற சொல் தெரியாத வீடு இல்லை. ஆனால் அந்த இயந்திரத்தின் திரை மட்டும் இன்னும் நம்மோடு பேசவில்லை.

எங்கள் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். கடலிலிருந்து வரும் குழாயில் பாசியும் சிப்பியும் பிடிக்காமலிருக்கத் தண்ணீரில் குளோரின் கலப்போம். அந்தக் குளோரின், உப்பைப் பிரித்தெடுக்கும் மெல்லிய சவ்வான மெம்பிரேனைத் தொடக் கூடாது, தொட்டால் அரித்துவிடும். அதனால் உள்ளே போகுமுன் எஸ்.எம்.பி.எஸ். (சோடியம் மெட்டாபைசல்ஃபைட்) என்ற ரசாயனக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குளோரினை முறிப்போம். முறிந்ததா இல்லையா என்று காட்டுவது ஓ.ஆர்.பி. மீட்டர். குளோரின் மீந்தால் அதில் மில்லிவோல்ட் அளவு ஏறும். ஒரு நாள் இரவு ஷிப்டில் எஸ்.எம்.பி.எஸ். தொட்டி காலியாகிவிட்டது. திரையில் மஞ்சள் நிறத்தில் 'ஓ.ஆர்.பி. ஹை' என்று ஆங்கிலத்தில் வந்தது, கூடவே சைரனும். ஷிப்டில் இருந்த தம்பி பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவன், வேலைக்கு வந்து 2 மாதம்தான். திரையில் 'அக்னாலெட்ஜ்' பட்டனை அழுத்தினான். சைரன்தான் நின்றது, குளோரின் போவது நிற்கவில்லை.

காலை 6 மணிக்கு நான் போனபோது மீட்டரில் 520 மில்லிவோல்ட். "அக்கா, அமுக்குனேன், சத்தம் நின்னுருச்சு. சரியாயிருச்சுன்னு நெனச்சேன்" என்றான். குளோரினில் கெட்ட மெம்பிரேனைக் கழுவி மீட்க முடியாது. சில வாரங்களில் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போனது. 24 மெம்பிரேன்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளையை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவன்மேல் தப்பில்லை என்று அன்றே சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்குக்கூட 'ஓ.ஆர்.பி. ஹை' என்ற இரண்டு சொல்லில் என்ன ஆபத்து, எங்கே ஓட வேண்டும் என்று தெரியாது.

திரையில் தமிழ் போட முடியாது என்று பலர் சொல்கிறார்கள். முடியும். இந்தக் கன்ட்ரோல் மென்பொருள்களில் ஒவ்வொரு வாசகத்துக்கும் மொழிக்கு ஒரு கட்டம் உண்டு. எல்லாவற்றையும் எக்ஸெல் கோப்பாக வெளியே எடுத்து, பக்கத்துக் கட்டத்தில் தமிழை நிரப்பி, திரும்ப உள்ளே ஏற்றினால் போதும். திரையின் மூலையில் ஒரு பட்டன் வைத்தால் நொடியில் மொழி மாறும். சீமென்ஸ் நிறுவனத்தின் கம்ஃபர்ட் வகைத் திரைகளில் 32 மொழிகள் வரை ஏற்ற இடமிருக்கிறது. நம் திரைகளில் ஒன்றைத் தவிர மற்றக் கட்டங்கள் காலியாகக் கிடக்கின்றன. எங்கள் ஐஸ் பகுதியில் ஒடிசா, அசாம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு கட்டம் நிரப்பலாமே.

ஆனால் எப்படியாவது தமிழ் வந்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. எங்களுக்கு முதலில் வந்த தமிழ் கணினியில் போட்டு மொழிபெயர்த்தது. பம்ப் தானாக நின்றுவிட்டது என்று சொல்லும் 'பம்ப் ட்ரிப்' என்பது 'பம்ப் பயணம்' என்று வந்தது. தண்ணீர் உள்ளே வரும் 'ஃபீட் வால்வ்' உணவு வால்வு ஆகியிருந்தது. நடுராத்திரியில் இதைப் படிப்பவன் என்ன செய்வான்? அதனால் எங்கள் பிளாண்டின் 140 அலாரங்களையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் நானே எழுதினேன். 'ஓ.ஆர்.பி. ஹை' என்பதற்கு 'மெம்பிரேனுக்குக் குளோரின் போகிறது. ஹைபிரஷர் பம்பை நிறுத்து. எஸ்.எம்.பி.எஸ். தொட்டியைப் பார்' என்று எழுதினேன். 'அக்னாலெட்ஜ்' பட்டனில் 'பார்த்துவிட்டேன்', அதன் கீழே சின்ன எழுத்தில் 'கோளாறு இன்னும் தீரவில்லை'. பம்ப், வால்வு, மெம்பிரேன் அப்படியே இருக்கட்டும், அவைதான் எங்கள் சொற்கள். பம்பின் எண்ணும், அழுத்தத்துக்கான 'பார்', கரைந்திருப்பதைச் சொல்லும் 'பி.பி.எம்.' போன்ற அளவுகளும் எந்த மொழியிலும் மாறக் கூடாது. போனில் இன்ஜினியரிடம் சொல்லும்போது இருவரும் ஒன்றையே பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் பழைய சின்னத் திரையில் 'தொட்டி' என்று ஏற்றினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. இருந்தும் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வேலையை அந்தத் திரை செய்யவில்லை. விண்டோஸ் கணினியில் அதே சொல் நிர்மலா எழுத்துருவில் அழகாக வந்தது. திரை வாங்கும் அன்றே 'தொட்டி', 'கொள்ளளவு' என்று ஏற்றிக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். தமிழ் வாசகம் நீளும் என்பதால் கட்டங்களையும் அகலமாக வரையச் சொல்லுங்கள்.

ஆலையில் ஒட்டும் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு தொழிலாளரில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 108-ஆம் பிரிவில் எழுதி வைத்தது. அன்று சுவரில் ஒட்டியதைத்தான் இன்று திரை காட்டுகிறது. குடிநீர்த் திட்டங்களுக்கு டெண்டர் எழுதும் அரசு அதிகாரிகளும், கரையோர ஆலை முதலாளிகளும் தமிழ்த் திரையை ஒரு நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும். ஆபரேட்டர்கள் படித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பிளாண்டை ஒப்புக்கொள்ள வேண்டும். புதிதாக வாங்கும்போது கேட்டால் சில நாள் வேலை. ஓடத் தொடங்கிய பிறகு கேட்டு, எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது.

என் நோட்டு கைவசம் இருக்கிறது. வேறு பிளாண்ட் ஆபரேட்டர்கள் யார் கேட்டாலும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். அவரவர் பிளாண்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஆர்.ஓ. பிளாண்ட் ஆபரேட்டர்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.