பெயரை மறைக்கவில்லை, ஆனாலும் பிடிபட்டது ஏன்?

ஆசிரியருக்கு,

அசல் மின்னணுப் பொருள்களை அமெரிக்கச் சுங்கத்துறை போலி என்று பிடித்ததைப் பற்றிய கட்டுரையில், அதிகாரிகளுக்குப் பெட்டியின் மேலுள்ள எழுத்தைப் படிக்கத் தெரியாதா என்ற கேலி இருந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

2020இல் நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் 2,000 ஒன்பிளஸ் பட்ஸ் இயர்போன்கள், ஆப்பிள் ஏர்பாட்ஸின் போலி என்று பிடிபட்டன. சுங்கத்துறை வெளியிட்ட படத்திலேயே ஒன்பிளஸ் பெயர் தெரிந்தது. ஆனாலும் அவர்கள் பின்வாங்கவில்லை. ஆப்பிள் தன் இயர்போனின் வடிவத்தையே வணிகக்குறியாகப் பதிந்து, சுங்கத்துறையிடமும் கொடுத்து வைத்திருக்கிறது; ஆப்பிள் பெயரோ சின்னமோ இல்லாவிட்டாலும் மீறல்தான் என்றார்கள். 2014இல் ஸ்பார்க்ஃபன் என்ற அமெரிக்க மின்னணு நிறுவனம் வரவழைத்த மல்டிமீட்டர்கள் (மின் அளவீட்டுக் கருவிகள்) சிக்கியதும் இப்படித்தான். கரும் முகப்பு, சுற்றிலும் மஞ்சள் விளிம்பு: அது ஃப்ளூக் என்ற அளவீட்டுக் கருவி நிறுவனத்தின் பதிவு. (ஃப்ளூக் பிறகு 30,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள தன் கருவிகளை அனுப்பிச் சமாதானம் செய்தது. எல்லாருக்கும் அது வாய்க்காது.)

என் ஆட்சேபம் ‘போலி’ என்ற முத்திரை மீதுதான். அமெரிக்கச் சட்டப்படி, பதிவான குறியோடு ஒன்றாகவோ, ஏறக்குறைய வேறுபாடே தெரியாமலோ இருந்தால்தான் அது போலிக்குறி. வெறும் சாயல் இருந்தால் அதற்குத் தனி விதி, தனி நடைமுறை. மதிப்பிலும் குளறுபடி: அந்த ஒன்பிளஸ் சரக்குக்கு, ஆப்பிளின் அசலாக இருந்தால் 3,98,000 டாலர் என்று போட்டார்கள், அதாவது ஒன்றுக்கு 199 டாலர். ஒன்பிளஸ் பட்ஸின் அப்போதைய விலை 79 டாலர்தான்.

இறக்குமதி செய்பவர்கள் பொருளுக்கு அச்சு வார்க்கும் முன்பே சுங்கத்துறையின் பொதுத் தேடுதளத்தில் வடிவக்குறிகளைப் பார்த்துவிட வேண்டும். பெயரை மட்டும் தேடினால் மஞ்சள் விளிம்பு கண்ணில் படாது. சந்தேகம் இருந்தால் சுங்கத்துறையிடம் முன்கூட்டியே எழுத்துபூர்வமான தீர்ப்பு கேட்கலாம். இன்வாய்ஸில் ‘இயர்போன்’ என்று மொட்டையாக எழுதாமல் பிராண்டையும் மாடல் எண்ணையும் சேர்ப்பது நல்லது.

போலி என்ற சந்தேகத்தில் சரக்கை நிறுத்தி நோட்டீஸ் வந்தால், மறுக்க 7 வேலை நாள்தான். பலர் கோட்டை விடுவது இங்கேதான். நோட்டீஸ் சுங்கத் தரகரின் மேசையிலேயே கிடக்கும். சொந்தப் பிராண்டின் பதிவுச் சான்று, தயாரிப்பாளர் கடிதம், தன் பொருளையும் குறியைப் பதிந்தவரின் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம் ஆகியவை சரக்கு புறப்படும்போதே தயாராக இருக்க வேண்டும். பறிமுதலே ஆகிவிட்டால், நோட்டீஸ் அஞ்சலில் சேர்த்த நாளிலிருந்து 30 நாளுக்குள் சரக்கை விடுவிக்கக் கோரி மனு போடலாம். கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்